வெப்சைட் வேலைக்கு எவ்வளவு கேட்பது, யாரிடம் போய்க் கேட்பது

"தம்பி, ஒரு வெப்சைட்டுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை முதலாளி என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இது. நான் தயங்காமல் பக்கத்துக்கு 1,600 ரூபாய் என்றேன். ஐந்து பக்கம், 8,000 ரூபாய். அவர் அப்போதே 2,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அந்த வேலை முடிய எனக்கு 23 நாள் ஆனது. அவர் நல்ல மனிதர். பொருள்களின் படங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பினார், விலைப்பட்டியலை இரண்டு முறை மாற்றினார், மச்சினர் சொன்னாரென்று முகப்பு நிறத்தை மாற்றச் சொன்னார். எந்த வாடிக்கையாளரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆனால் கணக்குப் பார்த்தால் எனக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய்கூடத் தேறவில்லை.

தனியாக வெப் டிசைன் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். பக்கத்தை எண்ணி விலை சொல்கிறோம், ஆனால் செலவாவது நம்முடைய நாள்கள். அதனால் விலையை நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே சொல்வதை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் உங்கள் ஒரு நாளின் விலை

ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாதச் செலவை எழுதுங்கள். வாடகை, சாப்பாடு, வண்டி, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகையை அப்பா கட்டுகிறார் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். இன்று அவர் தாங்கும் சுமையைத் தள்ளுபடியாக வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டால், நாளை தனிக்குடித்தனம் போகும்போது பழைய விலையிலிருந்து மேலே ஏற முடியாது.

அடுத்தது தொழில் செலவு. இன்டர்நெட், போன், பெட்ரோல், மென்பொருள் சந்தா, இவற்றோடு லேப்டாப்பின் தேய்மானம். 60,000 ரூபாய் லேப்டாப் 40 மாதம் உழைக்கும் என்றால் மாதம் 1,500. எல்லாம் சேர்த்து 5,000 ஆகலாம். வேலையில்லாத மாதத்துக்கும் உடம்புக்கு முடியாத நாளுக்கும் இன்னொரு 5,000 ஒதுக்குங்கள். மொத்தம் 40,000.

இதை எத்தனை நாளால் வகுப்பது? 25 என்று போட்டால் தப்பாகிவிடும். மாதத்தில் 25 நாள் உழைப்பீர்கள், ஆனால் காசு வரும் வேலை அதில் பாதி நாள்தான் நடக்கும். மீதி நாள்கள் ஆள்களைப் போய்ப் பார்ப்பதிலும், கொட்டேஷன் போடுவதிலும், "படம் நாளைக்கு அனுப்புறேங்க" என்றவருக்காகக் காத்திருப்பதிலும், பாக்கி வசூலிப்பதிலும், புதிதாகக் கற்பதிலும் போய்விடும். என் அனுபவத்தில் 12 நாள் என்று போடுவது பத்திரமான கணக்கு. 40,000 வகுத்தல் 12 என்றால் 3,333. இதை 3,500 என்று வைத்துக்கொள்வோம். இது உங்கள் அடிமட்ட நாள்கூலி. இதற்குக் கீழே போகும் ஒவ்வொரு வேலைக்கும் உங்கள் கையிலிருந்து காசு போகிறது என்று பொருள்.

தொடங்கிய முதல் ஆறு மாதம் அந்த 12 நாளும் கிடைக்காது. அதற்காகக் கூலியை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். மூன்று மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் இருக்கும் வேலையை விடாமல் மாலையிலும் ஞாயிறிலும் தொடங்குங்கள். கையில் காசில்லாமல் பேரம் பேச உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் சொல்வதுதான் விலை.

அடுத்து, வேலை எத்தனை நாள்

ஒரு சிறு நிறுவனத்தின் ஐந்து பக்க வெப்சைட்டை நான் இப்படிப் பிரிக்கிறேன். அவர் தொழிலைப் புரிந்துகொள்ள ஒரு நாள், டிசைனுக்கு இரண்டு, கட்டி முடிக்க மூன்று, எழுத்தும் படமும் திரட்ட ஒன்றரை, திருத்தங்களுக்கு ஒன்றரை, வெளியிட்டு அவர்கள் ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று. ஆகப் பத்து நாள், 35,000 ரூபாய்.

புதியவர்கள் எப்போதும் குறைத்துப் போடுவது எழுத்தும் படமும் திரட்டும் நாள்களை. நம் ஊரில் தமிழ் உள்ளடக்கம் பெரும்பாலும் அச்சகத்திலிருந்து வரும். நோட்டீஸ் அடித்த கோரல்டிரா கோப்பைத் தருவார்கள். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும், வெப்சைட்டுக்குத் தேவையான பொது எழுத்து முறையான யூனிகோடு அல்ல. எழுத்துருவை மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தாலும் ஆங்கிலம் கலந்த இடங்களும் நிறுத்தக்குறிகளும் சிதையும், வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். கொட்டேஷன் சொல்வதற்கு முன்பே கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

தமிழுக்கு டிசைனிலும் கூடுதல் நேரம் போகும். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்தில் அடங்கும் பட்டன் தமிழில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று நீண்டு போன் திரையில் இரண்டு வரியாக உடையும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகார வளைவும் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் வணிகத் தளத்திலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இரண்டு மொழி வெப்சைட் என்றால் ஒரு மொழிக்கு ஆகும் நாளைப்போல ஒன்றரை மடங்கு போடுகிறேன். தமிழை ஒழுங்காகக் காட்டத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு அதற்கென்றே உங்களைத் தேடி வருவார்கள். அதனால் அந்தக் கூடுதல் நாளைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

"அஞ்சாயிரத்துக்கு ஒருத்தன் பண்றேங்கறான்"

இதைக் கேட்காமல் யாரும் இந்தத் தொழிலில் ஒரு மாதம் கடத்த முடியாது. 35,000 என்றதும் எதிரே இருப்பவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாத்துப் பண்ணிக் குடுங்க தம்பி, நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அஞ்சாயிரத்துக்குப் பண்றேங்கறான்" என்பார்.

அந்தப் பையனைக் குறைசொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். வெப்சைட்டின் முகவரியான டொமைன் யார் பெயரில் பதிவாகும்? அடுத்த வருடம் புதுப்பிக்க யார், எவ்வளவு கட்டுவது? அந்தப் பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? டிசைனர் பெயரில் பதிவான டொமைனை மீட்க முடியாமல் பத்து வருடப் பெயரையே மாற்றிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். டொமைனையும், தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கையும் முதலாளியின் மின்னஞ்சல், அவருடைய போன் எண், அவருடைய கார்டு ஆகியவற்றை வைத்து அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள். சாதாரண டாட் காம், டாட் இன் பெயர்களுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். முதல் வருடச் சலுகை விலையைவிடப் புதுப்பிக்கும் விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தச் செலவை உங்கள் கூலியோடு கலக்கவே வேண்டாம்.

அப்புறமும் அவரால் முடியாது என்றால் வேலையைக் குறையுங்கள், நாள்கூலியைக் குறைக்காதீர்கள். "உங்களால 15,000 முடியும்னா, ஒரே பக்கத்துல கம்பெனி விவரம், பத்துப் பொருள் படம், வாட்ஸ்அப் பட்டன், மேப் வச்சு நாலு நாள்ல பண்ணித் தர்றேங்க. அடுத்த வருஷம் பெருசாக்கிக்கலாம்." நான்கு நாளுக்கு 14,000 ஆகிறது, அவர் பட்ஜெட்டுக்குள் அடங்குகிறது. அதே 35,000 ரூபாய் வேலையை 15,000-க்கு ஒப்புக்கொண்டால் முதலில் சொன்ன விலை ஏமாற்று விலை என்றுதான் அவர் நினைப்பார். அவர் அனுப்பும் அடுத்த ஆளும் பாதியிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார்.

கொட்டேஷனில் எழுத வேண்டியது

வாயால் பேசியது எதுவும் மூன்றாவது வாரத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்காது. இரண்டு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதி அனுப்பி, "சம்மதம்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பதில் வாங்குங்கள். என்னென்ன பக்கங்கள், எது இதில் சேராது, திருத்தம் எத்தனை சுற்று என்பவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நான் இரண்டு சுற்று தருகிறேன், மூன்றாவது சுற்றுக்கு நாள்கூலி. எழுத்தும் படமும் 15 நாளுக்குள் வராவிட்டால் வேலை வரிசையில் பின்னே போகும் என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரியால் என் காத்திருப்பு பாதியாகக் குறைந்தது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்குமுன் 40 சதவீதம், டிசைனுக்குச் சம்மதம் சொன்னதும் 40, வெளியிடுவதற்கு முந்தின நாள் 20. வெளியிட்ட பிறகு தருகிறேன் என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெப்சைட் ஓடத் தொடங்கியதும் உங்கள் பாக்கி அவர் செலவு வரிசையில் கடைசிக்குப் போய்விடும். அட்வான்ஸ் வராமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள், அவர் உங்கள் அப்பாவின் நண்பராக இருந்தாலும் சரி.

உரிமை பற்றியும் ஒரு வரி வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளியாள் உருவாக்கியதன் முதல் உரிமை பொதுவாக உருவாக்கியவருக்கே. அதை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்கு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். "முழுப் பணமும் வந்த அன்று, எல்லா நாட்டுக்கும் நிரந்தரமாக உங்களுக்கே" என்று எழுதினால் ஏற்றுமதி நிறுவனங்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடும், உங்கள் பாக்கிக்கும் அதுவே காவல்.

முதல் ஐந்து பேர் எங்கே

பக்கத்துத் தெருவிலிருந்து தொடங்குங்கள், ஆனால் கண்ணில் பட்ட கடையெல்லாம் ஏறாதீர்கள். உங்கள் வட்டாரத்தின் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். கோவைக்குப் பம்பும் கிரைண்டரும், திருப்பூருக்குப் பின்னலாடை, கரூருக்கு வீட்டு உபயோகத் துணி, ஆம்பூருக்குத் தோல், நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்டுவது. ஒரு பம்ப் கம்பெனிக்குச் செய்தபின் இரண்டாவது கம்பெனிக்குப் போனால் குதிரைத்திறன், குழாய் அளவு, தூக்கும் உயரம் என்று அவர் மொழியிலேயே பேசுவீர்கள். முதல் கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிடும். அந்த முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்பதால் பெயர் தானாகப் பரவும்.

தொழிலைத் தெரிந்துகொள்வதற்கு ஓர் உதாரணம். திருப்பூர் ஏற்றுமதியாளரின் தளத்தைத் திறக்கும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அழகான படங்களைவிட முக்கியம், துணியின் தரத்துக்கும் தொழிலாளர் நலனுக்கும் சாட்சியான ஜிஓடிஎஸ், ஓகோ-டெக்ஸ், எஸ்ஏ 8000 போன்ற சான்றிதழ்கள். பல தளங்களில் அவை நாலாவது பக்கத்தின் அடியில் மங்கலான படமாகக் கிடக்கும். "இதை முகப்பில் வைத்து, சான்றிதழ் எண்ணும் காலாவதித் தேதியும் எழுத்தாகவே தெரியும்படி செய்கிறேன்" என்று சொல்பவருக்கு விலை பேசத் தனிச் சாமர்த்தியம் தேவைப்படாது.

முப்பது நிறுவனங்களின் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றின் வெப்சைட்டையும் கூகுள் மேப் பதிவையும் உங்கள் போனில் திறந்து பாருங்கள். உடைந்த படிவம், பழைய போன் எண், "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை, திறக்கவே பத்து வினாடி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் படம் பிடித்து இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் சார். கணபதியில் இருக்கிறேன், வெப்சைட் வேலை செய்கிறேன். உங்கள் தளத்தின் விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் பிழை என்று வருகிறது, படம் இணைத்திருக்கிறேன். வருகிற விசாரணைகள் உங்களுக்கு வந்து சேராமல் இருக்கலாம். சரிசெய்ய அரை நாள் வேலைதான். யாரை வைத்துச் செய்தாலும் சீக்கிரம் செய்துவிடுங்கள்."

இதில் விற்பனைப் பேச்சு ஒன்றுமில்லை, பயன் மட்டும்தான். முப்பது பேரில் நாலைந்து பேர் பதில் போட்டாலே நல்ல அறுவடை. பதில் போட்டவரை நேரில் போய்ப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை போகாதீர்கள், வாரக்கூலி போடும் நாளில் யாருக்கும் தலைதூக்க நேரமிருக்காது. திங்கள் காலையும் வேண்டாம்.

உங்களுக்கு ஆள் அனுப்பக்கூடியவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். புதிதாக ஜிஎஸ்டி பதிவு செய்யும் எல்லோரும் ஓர் ஆடிட்டரிடம் போகிறார்கள். விசிட்டிங் கார்டு அடிக்க அச்சகத்துக்கும், பொருளைப் படமெடுக்கப் போட்டோகிராபரிடமும் போகிறார்கள். இந்த மூன்று பேரிடமும் உங்கள் வேலையைக் காட்டி வையுங்கள், அவர்களுக்கும் நீங்கள் ஆள் அனுப்புங்கள். கமிஷன் கேட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், வாடிக்கையாளரின் விலையில் அதை ஒளித்து ஏற்றவும் செய்யாதீர்கள். கோவையில் கொடிசியா வளாகத்திலும் திருப்பூரில் ஐகேஎஃப் வளாகத்திலும் நடக்கும் கண்காட்சிகளையும் கவனியுங்கள். ஸ்டால் போடுபவருக்கு அந்தத் தேதிக்குள் வெப்சைட் தயாராக வேண்டும் என்ற அவசரம் இருக்கும். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பே அவரைப் பிடிக்க வேண்டும்.

சிவகாசிப் பக்கம் தீபாவளிக்கு முன் பட்டாசு ஆர்டர் எடுக்கும் தளம் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது. கம்பெனி விவரமும் பொருள் பட்டியலும் செய்து தரலாம், ஆர்டரும் பணமும் வாங்கும் வசதியை நான் செய்து தருவதில்லை.

இலவசமாகச் செய்யச் சொல்வார்கள், "பேர் கிடைக்கும்" என்பார்கள். நீங்கள் மனதார விரும்பும் நூலகமோ பள்ளியோ என்றால் ஒன்று செய்யுங்கள். அதற்கும் முழு விலையை எழுதி, முழுவதும் தள்ளுபடி என்று காட்டிப் பில் கொடுங்கள். வேலையின் மதிப்பு என்ன என்பது அந்தத் தாளில் பதிவாகிவிடும்.

வெளிநாட்டு வேலை

வெளிநாட்டு வேலை பிடிக்க ஃபைவர், அப்வொர்க் போன்ற ஆன்லைன் தளங்கள் இருக்கின்றன. ஃபைவர் தளம் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கையில் 20,000 நிற்க வேண்டுமென்றால் 25,000 கேட்க வேண்டும். அப்வொர்க்கில் கட்டணம் போக, விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் ஐம்பது வேலைக்கு ஒரே வாசகத்தை அனுப்புவது வீண். வாரத்துக்கு ஐந்து வேலையைப் பொறுக்கி, வேலை விவரத்தை முழுதாகப் படித்து எழுதுங்கள். உள்ளூரில் மூன்று நல்ல தளம் செய்து காட்ட வைத்திருப்பவர்தான் அங்கே நிற்க முடிகிறது, அதனால் புதியவர்களை அங்கிருந்து தொடங்க நான் சொல்வதில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பணத்துக்கும் வங்கிச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பில், வரி, வராத பாக்கி

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி போடக் கூடாது. பதிவு செய்தபின் 18 சதவீதம், அதைக் கூலிக்கு மேல் தனியாகக் காட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் வருமான வரியில் ஒரு பங்கை (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். பயப்படாதீர்கள், பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் அது உங்கள் கணக்கில் நிற்கும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

தொடங்கிய மாதமே உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரையும் பானையும் வைத்து இலவசமாகவே முடியும், காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தராவிட்டால் இதற்கான அரசுத் தளத்தில் புகார் செய்யலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடு தாண்டி, மார்ச் முடிவதற்குள்ளும் கட்டாத தொகையைச் சேவையை வாங்கிய நிறுவனம் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது. பில்லின் மேலே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். ஒரு நிறுவனம் என் 28,000 ரூபாயை நாலு மாதம் இழுத்தது. உத்யம் எண் போட்ட பில்லை அவர்கள் ஆடிட்டருக்கும் நகல் அனுப்பினேன், மார்ச் கடைசி வாரத்தில் வந்துவிட்டது.

வெளியிட்ட பிறகு

வருடப் பராமரிப்பைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டுங்கள். தளத்தை ஓட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அப்டேட், வாரம் ஒரு பேக்கப், மாதம் ஒரு மணி நேரச் சின்னத் திருத்தம் ஆகியவற்றுக்கு வருடம் 6,000 ரூபாய் கேட்கிறேன். இருபது பேர் சேர்ந்தால் வருடம் 1,20,000, அதாவது மாதம் 10,000. வேலை இல்லாத மாதத்திலும் வாடகைக்குக் கவலையில்லை. விலை ஏற்றுவதைப் புது ஆள்களிடம் முதலில் செய்யுங்கள். நாள்கூலி 3,500-க்கு யோசிக்காமல் மூன்று பேர் சரி சொன்னால் நாலாவது ஆளுக்கு 4,000. பழையவர்களுக்கு ஏப்ரலில், ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

எல்லா வாடிக்கையாளர்களின் டொமைன், ஹோஸ்டிங் காலாவதித் தேதிகளையும் ஒரே ஷீட்டில் போட்டு, முப்பது நாள் முன்பு போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது, பேசுங்கள். கணபதி பட்டறை முதலாளியை இன்றும் ஒவ்வொரு ஆடி மாதமும் கூப்பிடுகிறேன். போன வருடம் புதுப்பித்து முடித்துவிட்டு, "தம்பி, நம்ம சம்பந்தி ஃபவுண்டரிக்கு ஒண்ணு வேணுங்கறார், நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்தர்றீங்களா?" என்றார். அந்த வேலைக்குப் பதினான்கு நாள் போட்டேன்.